கரைக்குப் பின்னால் வீடு: எந்த வெள்ளக் காப்பீடு?

அமெரிக்காவில் ஆற்றோர வெள்ளத் தடுப்புக் கரையை நம்பி வீடு வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "வெள்ளக் காப்பீடு கட்டாயமா?" என்றுதான். அதைத் தீர்மானிப்பது அந்தக் கரையின் பாதுகாப்பு ஆய்வு.

ஓர் ஆண்டில் வர 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளத்தைக் கரை தாங்கும் என்று பொறியாளர்கள் ஆவணங்களோடு காட்டினால், பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா கரைக்கு அங்கீகாரம் தரும். பின்னாலுள்ள வீடுகள் ஃபீமாவின் வெள்ள வரைபடத்தில் பெரும்பாலும் எக்ஸ் மண்டலத்தில் வரும், காப்பீடு கட்டாயமில்லை. காட்ட முடியாவிட்டால் அதே தெரு ஏ.ஈ. மண்டலமாகலாம். ஏ, வி எழுத்துகளில் தொடங்கும் மண்டலங்களில், ஃபெடரல் அரசின் கட்டுப்பாட்டிலுள்ள வங்கியில் வீட்டுக்கடன் வைத்திருப்பவர் காப்பீடு எடுத்தாக வேண்டும் என்பது 1973ஆம் ஆண்டுச் சட்டம். எடுக்காவிட்டால் வங்கி நோட்டீஸ் அனுப்பும். 45 நாள் கழித்துத் தானே ஒரு பாலிசியை எடுத்துச் செலவை உங்கள் தலையில் கட்டும்.

கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவிலுள்ள நட்டோமாஸ் பகுதிக்கு இது நேர்ந்தது. கரைக்கு அடியில் நீர் ஊறிக் கசிவது தெரிந்து, 2008 டிசம்பரில் வரைபடம் மாறியது. புதுக் கட்டுமானம் ஏறக்குறைய நின்றுபோனது. சீரமைப்பு முன்னேறியதால் 2015இல் ஏ99 மண்டலமானது. கட்டுமானம் திரும்பியது, காப்பீட்டுக் கட்டாயம் மட்டும் நீங்கவில்லை.

உங்கள் முன் இருக்கும் வழிகள் மூன்று.

1. காப்பீடே வேண்டாம்

எக்ஸ் மண்டலத்தில் இருப்பவர்களும் வங்கிக்கடன் இல்லாதவர்களும் இப்படி இருக்கலாம். பிரீமியம் மிச்சம். ஆனால் சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. கரைக்குக் குறிக்கப்பட்ட அந்த 1 சதவீத வெள்ளம், 30 ஆண்டுக் கடன் காலத்தில் ஒரு முறையாவது வர 26 சதவீத வாய்ப்பு உண்டு. அதைவிடப் பெரிய வெள்ளம் வந்தால் அங்கீகாரம் பெற்ற கரையையும் தாண்டலாம். 2005இல் நியூ ஆர்லியன்ஸில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கரைகளும் தடுப்புச் சுவர்களும் உடைந்து, நகரின் 80 சதவீதம் மூழ்கியது.

2. அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்ட (என்.எஃப்.ஐ.பி.) பாலிசி

கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், பொருள்களுக்கு 1,00,000 டாலர். உங்கள் ஊர் இத்திட்டத்தில் சேர்ந்திருந்தால் போதும், கரை பலவீனமானது என்று சொல்லி உங்களை மறுக்க முடியாது. 2021 அக்டோபர் முதல் மண்டல எழுத்தை வைத்தல்லாமல், அந்தந்த வீட்டின் ஆபத்தை வைத்தே பிரீமியம் கணக்கிடுகிறார்கள். சொந்தமாகக் குடியிருக்கும் பெரும்பாலான வீடுகளுக்கு ஆண்டு உயர்வு 18 சதவீதத்தைத் தாண்டாது. குறைகளும் உண்டு: வீடு சரியாகும்வரை வெளியே தங்கும் வாடகை கிடைக்காது, தரைக்கு அடியிலுள்ள அறைக்கு (பேஸ்மென்ட்) ஈடு மிகக் குறைவு. பொதுவாக 30 நாள் காத்திருக்க வேண்டும்; மழை அறிவிப்பைக் கேட்டுவிட்டு ஓடினால் பயனில்லை. வீட்டுக்கடனோடு சேர்த்து எடுத்தால் காத்திருப்பே இல்லை. வரைபடம் மாறிய 13 மாதங்களுக்குள் எடுத்தால் ஒரே நாள்.

3. தனியார் பாலிசி

உச்சவரம்பு அதிகம்; சிலவற்றில் தற்காலிக வாடகையும் உண்டு. நிபந்தனைகளுக்குப் பொருந்தும் தனியார் பாலிசியை 2019 ஜூலை முதல் வங்கிகள் ஏற்றாக வேண்டும். ஆனால் புதுப்பிக்கும் நேரத்தில் நிறுவனம் கைவிரிக்கலாம். அப்போது அரசுத் திட்டத்துக்குத் திரும்பினால், முன்பு அனுபவித்த சலுகைக் கட்டணம் கைவிட்டுப் போயிருக்கும்.

எதை எடுப்பது?

எக்ஸ் மண்டலத்தில் இருந்தாலும் முதல் வழியைப் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டைத் திரும்பக் கட்ட 2,50,000 டாலருக்குள் ஆகுமென்றால் என்.எஃப்.ஐ.பி. போதும். அதிகம் ஆகுமென்றால், அதன்மேல் தனியாரிடம் கூடுதல் பாலிசி சேர்த்துக்கொள்ளுங்கள். அரசுச் சலுகைக் கட்டணம் இல்லாமல், ஈடும் குறையாமல், விலை தெளிவாகக் குறைந்தால் மட்டும் முழுக்கத் தனியாருக்கு மாறலாம். வீடு ஏ.ஈ. மண்டலத்தில் இருந்தும் மேடான மனையில் நின்றால், நில அளவையரை வைத்து உயரச் சான்று வாங்கி ஃபீமாவிடம் வரைபடத் திருத்தம் கேளுங்கள்; பரிசீலனைக்குக் கட்டணமில்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஃபீமாவின் வெள்ள வரைபடத்தையும் தேசியக் கரைத் தரவுத்தளத்தையும் பாருங்கள். இரண்டையும் இலவசமாகவே பார்க்கலாம்.