ஓவியத்தில் வெயில்

புனே நகரில் வாழும் ஓவியர் மிலிந்த் முலிக், தெருக்களையும் நிலக்காட்சிகளையும் நீர்வண்ணத்தில் தீட்டிப் புகழ் பெற்றவர். இவ்வகைப் படங்களில் சுவர்மேல் விழும் வெயிலைக் கண்டால் கண் கூசும். ஆயின் அவ்வெயில் எவ்வண்ணத்தால் ஆயது? நீர்வண்ண மரபில் ஒளிக்கென்று வெண்சாயம் பூசுவது அரிது. வெற்றுத் தாளையே விட்டுவிடுவர். சுற்றிலும் நிழலைத் தீட்டியதும் அவ்வெறுமை வெயிலாகிவிடுகிறது.

பகவான், சஞ்ஞையை, அதாவது கண்டதை இன்னதென்று குறித்துக்கொள்ளும் அறிவை, கானல்நீருக்கு ஒப்பிட்டருளினார். கானல் முழுப்பொய் அன்று. வெப்பக் காற்றில் வளைந்த ஒளி மெய்யாகவே கண்ணில் படுகிறது. அதனை 'நீர்' என்று குறிப்பதே பிழை.

நம்மவர்க்கு இது வெறும் கலைப்பாடமா? ஒரு குலம் ஒளியுடையதாகத் தோன்றுவதற்கு, அருகிலிருந்த குலங்களின்மேல் எத்தனை நூற்றாண்டு கருமை பூசப்பட்டது! தாளோ ஒன்றே. புனேக்கு அருகிலுள்ள தேஹு ரோட்டில் 1954 டிசம்பர் 25ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் புத்தர் திருவுருவை நிறுவினார். பிறப்பைக் கொண்டு மனிதரைக் குறிக்கும் வழக்கத்திற்கு அங்கே இடமில்லை.

அடுத்த பௌர்ணமிக் கூட்டத்தில் இத்தகைய படமொன்றை நடுவில் வைப்போம். நிழற்பகுதியைத் துணியால் மறைத்துவிட்டு, வெயில் எங்கே என்று சிறுவர்களைக் கேட்போம்.