டோஸ்ட் மேல் தடவ காய்கறித் தயிர் ஸ்பிரெட்

வீட்டு விருந்துக்கு இதை முந்தின நாள் இரவே செய்து ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். விருந்தினர் வரும் நேரத்தில் அடுப்படியில் நிற்க வேண்டாம்.

● அரை லிட்டர் புளிக்காத கெட்டித் தயிரை மெல்லிய பருத்தித் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, அடியில் பாத்திரம் வைத்து, ஃபிரிட்ஜில் 5 மணி நேரம் வடியவிடுங்கள்.

● ஒரு கேரட்டையும், விதை நீக்கிய பாதி வெள்ளரிக்காயையும் துருவி, கால் டீஸ்பூன் உப்பு பிசறுங்கள். 10 நிமிடம் கழித்து ஒட்டப் பிழிந்துவிடுங்கள். இந்த நீர் தங்கினால் ஸ்பிரெட் தளர்ந்துவிடும்.

● வடிந்த தயிரோடு துருவல், பொடியாக நறுக்கிய குடைமிளகாய், ஒரு பச்சை மிளகாய், கொத்தமல்லித்தழை, அரை டீஸ்பூன் மிளகுத்தூள் கலந்து, ருசி பார்த்த பிறகு தேவையானால் மட்டும் உப்பு சேருங்கள்.

● டோஸ்ட் செய்த பிரெட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், ஆவியில் நமத்துவிடும். கம்பித் தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். முதலில் மெல்லியதாக வெண்ணெய் தடவினால் ஈரம் சீக்கிரம் இறங்காது.

● பரிமாறும்போதுதான் ஸ்பிரெட்டைத் தடவ வேண்டும். வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். கடும் வெயில் காலத்தில் 1 மணி நேரமே போதும்.

● வடிந்த தயிர்த் தண்ணீரில் சப்பாத்தி மாவு பிசையுங்கள். சப்பாத்தி மிருதுவாக வரும்.