அண்ணன் தங்கை ஆடும்போது

ஆரணி

சிரஞ்சீவி தம்பிக்கு,

நீயும் தங்கையும் ஜோடியாக ஸ்கேட்டிங் ஆடியதைப் பார்த்த ஒருவர், அண்ணன் தங்கையாக இருப்பதால் முகத்தில் பாவம் ஏறவில்லை என்றும், வேறு ஜோடி தேடிக்கொள்வதே உத்தமம் என்றும் சொன்னதாகச் சஞ்சலப்பட்டு எழுதியிருந்தாய். கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்களின் புழுதி படிந்த நம் ஊர்ச் சிமெண்டுத் தளத்தில் உனக்கு வந்த இந்தச் சங்கடம், பனித்தள நடனத்தின் உலக அரங்கிலேயே பலரைச் சோதித்த சங்கடம் என்பதை நீ அறிய வேண்டும்.

1976 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றுள்ள அந்த நடனத்தில் துணையைத் தலைக்கு மேலே தூக்கி வீசும் சாகசம் கிடையாது. பாதத்தின் நுட்பமும் தாள ஒற்றுமையும் அபிநயமுமே பிரதானம். பெரும்பாலான ஜோடிகள் சிருங்கார ரசத்தையே நம்பி ஆடும் அக்களத்தில், அமெரிக்காவின் அலெக்ஸ் ஷிபுடானியும் தங்கை மாயாவும் 2011இல் மாஸ்கோவில், பெரியோர் பிரிவில் தங்கள் முதல் பருவத்திலேயே, உலக வெண்கலம் வென்றார்கள். ஆயினும் அதன்பின் நான்கு ஆண்டுகள் உலகப் போட்டியில் பதக்கம் கிட்டாமல், 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஒன்பதாம் இடத்தோடு திரும்பினார்கள். காதலர் வேஷம் தங்களுக்கு இசையாது என்பதைக் குறையாக எண்ணி மறைக்காமல், ஒருவரையொருவர் தாங்கி நிற்கும் சகோதர வாஞ்சையையே பொருளாக்கி, கோல்ட்பிளே குழுவின் பாடலுக்கு ஆடிய பருவத்தில்தான், 2016இல் பாஸ்டனில், உலக வெள்ளி கைகூடியது. 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் பனித்தள நடனப் பிரிவிலும் குழுப் பிரிவிலுமாக இரண்டு வெண்கலங்கள் வந்தன. அவர்களுக்கு முன்பே, பிரான்சுக்காக ஆடிய இசபெல், பால் துஷேனே என்னும் உடன்பிறந்தார், சிலி நாட்டில் காணாமற்போனோரின் துயரத்தை ஆண்டீஸ் மலை இசைக்கு ஆடிக் காட்டி, 1991இல் உலகப் பட்டம் பெற்றார்கள்; மறு ஆண்டு வேறொரு ஆட்டத்துக்கு ஒலிம்பிக் வெள்ளியும் பெற்றார்கள். ரசங்கள் ஒன்பது இருக்க, ஒன்று கிட்டவில்லை என்று நீ ஏன் கலங்க வேண்டும்?

ஆனால், இரத்த சம்பந்தம் தானாகவே ஒற்றுமையைத் தந்துவிடும் என்றும் மயங்காதே. ஒற்றைக் காலில் சுழன்றுகொண்டே இருவரும் பக்கம் பக்கமாக முன்னேறும் ட்விசில் என்ற அடவில், ஒருவர் அரைச் சுற்றுப் பிந்தினாலும் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் தெரிந்துவிடும். இரட்டை நாதஸ்வரத்துக்குக் கீர்த்தி பெற்ற திருவீழிமிழலை சகோதரர்களைப் போல, ஒருவர் மூச்சை மற்றவர் அறியும்வரை சாதகம் செய்தால்தான் அது கைவரும். அதுவரை வேகத்தைக் கூட்டாதே. எண்ணிக்கையைத் தங்கை சொல்லட்டும், நீ கேட்டு ஆடு. அவள் பிழையைத் திருத்துவது ஆசானின் வேலை. தளத்தில் மூண்ட பிணக்கைச் சோற்றுத் தட்டுவரை கொண்டுவராதே.

அவளுக்கு இந்த ஆட்டத்தில் இஷ்டம் இருக்கிறதா என்பதை வருஷத்துக்கு ஒருமுறையாவது வாய்விட்டுக் கேள். என்றைக்கேனும் நீங்கள் பிரிந்து ஆட நேர்ந்தால், அது உங்கள் இருவரின் சம்மதத்தால் நேரட்டும். வழியோடு போனவர் ஒருவரின் அபிப்பிராயத்தால் நேர வேண்டாம்.

இப்படிக்கு,
உன் க்ஷேமம் கோரும்
மாமா