சமருக்கு எல்.ஐ.ரி. போகப்போறியா? அக்கா சொல்லுறதையும் கேட்டுட்டுப் போ

வாசல் பனியை அள்ளிக் கொட்டுகிற நாட்களிலேயே சமரை யோசிக்கத் தொடங்க வேண்டும். ரொறன்ரோவில் நல்ல டே காம்ப் இடங்கள் குளிர் போகுமுன்னமே நிரம்பிவிடும். பதினான்கு, பதினைந்து வயதுக்காரருக்கான தலைமைத்துவப் பயிற்சி இடங்கள் அதைவிடக் குறைவு. ஜூனில் சோதனை முடிந்த கையோடு "அக்கா, எங்கையாவது இடம் இருக்கோ?" என்று மெசேஜ் போடுகிற தம்பி தங்கச்சிமாருக்கு என்னிடம் இருக்கிற பதில் "அடுத்த வருசம்" மட்டும்தான். எழுத்துக் கூட்டித்தான் தமிழ் வாசிப்பாய் என்றால் இதை அம்மாவிடம் கொடு, அவா வாசித்துக் காட்டட்டும். அவாவுக்கும் கடைசியில் கொஞ்சம் வைத்திருக்கிறேன்.

ஒரு காம்பில் லீடர் இன் ட்ரெய்னிங், அதாவது எல்.ஐ.ரி. என்பார்கள். இன்னொன்றில் கவுன்சிலர் இன் ட்ரெய்னிங், சி.ஐ.ரி. என்பார்கள். காம்புக்கு வருகிற பிள்ளையாக நிற்க வயது தாண்டிவிட்டது, சம்பளத்துக்கு லீடராக நிற்க வயது வரவில்லை. அந்த இடைப்பட்ட இரண்டு மூன்று வருசத்துக்கான பயிற்சி இது. முதலில் கொஞ்சம் வகுப்பு, பிறகு ஒரு லீடரின் கீழே ஒரு குழுவோடு நின்று பழகுவது.

தலைமைத்துவம் என்றவுடன் எங்கள் வீடுகளில் மேடையும் மைக்கும் பேச்சுப்போட்டிக் கப்பும்தான் கண்ணுக்கு முன் வரும். டே காம்பில் அதற்கு வேலையே இல்லை. ஈரத் தலையோடு நிற்கிற ஆறேழு வயதுப் பிள்ளைகளை நீச்சல் குளத்திலிருந்து சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவரும்போது வரிசையின் கடைசியில் நடக்கிறாயே, அதுதான் அங்கே தலைமைத்துவம். முன்னுக்குப் போகிறவருக்கு வழி மட்டும் தெரிந்தால் போதும். சப்பாத்து நாடா அவிழ்ந்து குனிந்த பிள்ளையும், எறும்பைப் பார்த்து நின்றுவிட்ட பிள்ளையும், அழுகையை அடக்கிக்கொண்டு வருகிற பிள்ளையும் கடைசியில் நிற்கிறவரின் கண்ணில்தான் படும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

அழகான துண்டுப்பிரசுரத்தைப் பார்த்து மயங்காதே. போன் எடுத்துக் கேள்: மொத்த மணித்தியாலத்தில் எத்தனை பிள்ளைகளோடு, எத்தனை வகுப்பறையில்? இரண்டு கிழமையும் கதிரையில் இருத்தி 'ரீம் வர்க்' பற்றி ஸ்லைட் காட்டிவிட்டுச் சான்றிதழ் தருகிற இடத்துக்குக் காசு கட்டாதே. என்னைக் கவனித்து, சரி பிழை எழுதித் தர ஒரு ஆள் இருக்கிறாரா என்றும் கேள். இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லுகிற இடம் நல்ல இடம்.

காசு ஒரு பிரச்சினைதான். பல இடங்களில் பயிற்சிக்கு நீதான் கட்டணம் கட்ட வேண்டும். வருமானம் குறைந்த குடும்பம் என்றால் ரொறன்ரோ நகரசபையின் 'வெல்கம் பொலிசி' உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். நகரசபையின் பொழுதுபோக்கு வகுப்புகளுக்கு அது கைகொடுக்கும். அனுமதி வர நாள் எடுக்கும், ஆனபடியால் பதிவு தொடங்குமுன் அந்த அலுவலை முடி. கட்டணம் ஒன்றும் இல்லாமல் வொலன்ரியராக எடுக்கிற சமூக நிலையங்களும் இருக்கின்றன. அங்கே வகுப்பு குறைவு, வேலை கூட. என்னைக் கேட்டால் அதில் நட்டம் ஒன்றும் இல்லை.

ஒன்ராறியோவில் ஹைஸ்கூல் முடிக்க 40 மணித்தியாலத் தொண்டு வேலை வேண்டும் என்பது உனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பு முடிந்த சமரிலிருந்தே அதைச் சேர்க்கத் தொடங்கலாம். காம்பில் பிள்ளைகளோடு நிற்கிற நேரம் பொதுவாகச் சேரும், பயிற்சி வகுப்பு நேரம் சேருமா என்பதைப் பள்ளிக்கூடத்தில் முன்கூட்டியே கேட்டு வை. கையெழுத்தைக் கிழமைக்குக் கிழமை வாங்கு. செப்ரெம்பரில் தேடிப் போனால் உன் சூப்பர்வைசர் கிங்ஸ்ரனிலோ ஒட்டாவாவிலோ யூனிவேர்சிற்றியில் இருப்பார்.

நேர்முகம்

"நான் கடின உழைப்பாளி" என்று அலட்டாதே. எல்லாரும் அதைத்தான் சொல்லுவார்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பாலர் வகுப்புக்கு உதவி செய்தாயா? கோயில் அன்னதானத்தில் வரிசையை ஒழுங்குபடுத்தினாயா? சித்தியின் இரட்டைப் பிள்ளைகளைப் பின்னேரத்தில் பார்த்தாயா? அதைச் சொல், என்ன செய்தாய் என்று விபரமாகச் சொல். சிபாரிசுக் கடிதத்தை ரீச்சரிடமோ கோச்சிடமோ கேள். மாமா எழுதித் தருகிற கடிதத்துக்கு மதிப்பில்லை, மாமா எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும்.

"ஒரு பிள்ளை விளையாட மாட்டேன் என்று மூலையில் இருந்தால் என்ன செய்வாய்?" என்று அநேகமாகக் கேட்பார்கள். உற்சாகப்படுத்துவேன் என்கிற பதில் போதாது. போய்ப் பக்கத்தில் அதே உயரத்துக்கு இருப்பேன், உடனே கேள்வி கேட்க மாட்டேன், பிறகு ஒரு சின்ன வேலை கொடுப்பேன், விசில் வைத்திருக்கிறாயா, புள்ளி எண்ணுகிறாயா என்று கேட்பேன், லீடருக்கும் சொல்லி வைப்பேன். இப்படிச் சொன்னால் எதிரே இருக்கிறவர் பேனையை எடுப்பார்.

கையில் ஏதாவது தகுதி இருந்தால் நல்லது. ஒன்ராறியோவில் 2001 முதல் 'ஹை ஃபைவ்' என்கிற தரத்திட்டம் இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்கு அதன் ஒருநாள் பயிற்சியைப் பல காம்புகள் கேட்கும், சில தாங்களே தரும். பிள்ளைக்கு வேண்டியது அக்கறையான பெரியவர், கூட்டாளிகள், விளையாட்டு, ஒன்றைத் தானே செய்து தேறுகிற வாய்ப்பு, தன் சொல்லுக்கும் ஒரு இடம் என்று ஐந்து விசயத்தில் அதைக் கட்டியிருக்கிறார்கள். முதலுதவிச் சான்றிதழ் எடுத்தால் மூன்று வருசம் செல்லும். நீச்சலில் விருப்பம் உள்ளவர்கள் 13 வயதில் புரோன்ஸ் மெடாலியன் தொடங்கி, பிறகு புரோன்ஸ் குறொஸ், 15 வயதில் லைஃப்கார்ட் என்று ஏறலாம். காம்ப் வேலையைவிட அதற்குச் சம்பளம் கூட.

முதல் கிழமை

ஓடக்கூடிய சப்பாத்து, தொப்பி, தண்ணீர்ப் போத்தல், கையில் மணிக்கூடு. மணிக்கூடு ஏனென்றால், நேரம் பார்க்கப் போனை எடுத்தால் அது நேரத்தோடு நிற்காது. எல்.ஐ.ரி.மாரைப் பற்றி லீடர்கள் சொல்லுகிற முதல் முறைப்பாடே போன்தான். இரண்டாவது, எல்.ஐ.ரி.மார் தங்களுக்குள் கூடி நின்று கதைப்பது. உன் சிநேகிதியும் அதே காம்பில் என்றால் வேறு குழு கேட்டு வாங்கு.

பெயர்களை முதல் நாளே பாடமாக்கு. உன் பெயரையும் நீயே வெட்டிச் சுருக்கிக் கொடுக்காதே. டைரனோசோரஸ் என்று தடக்காமல் சொல்லுகிற பிள்ளைக்குக் கிருத்திகா வராதா?

தலை எண்ணுவதை எவ்வளவு சொன்னாலும் போதாது. வெளிக்கிடும்போது, போய்ச் சேர்ந்ததும், ரொய்லெட் போய் வந்ததும், தண்ணீருக்குள் இறங்குமுன், ஏறியபின், ஒவ்வொரு இடம் மாறும்போதும் எண்ண வேண்டும். "எல்லாரும் இருக்கிறீங்களோ?" என்று கேட்பது எண்ணுவது ஆகாது, இல்லாத பிள்ளை எப்படிப் பதில் சொல்லும்? இன்றைய எண் என்ன என்பதும் முக்கியம். காலையில் பதினாறு, பல் டொக்டரிடம் போக ஒரு பிள்ளையை மத்தியானம் அம்மா கூட்டிப்போனா என்றால் பதினைந்து. மணிக்கட்டில் மாஸ்கிங் ரேப் ஒரு துண்டு ஒட்டி அதில் எண்ணை எழுதி வை, மாறினால் வெட்டி எழுது. லீடர் எண்ணியிருந்தாலும் நீயும் தனியாக எண்ணு. இரண்டு பேருக்கும் ஒரே எண் வந்தால் மட்டும் நகருங்கள்.

விளையாட்டை விளங்கப்படுத்தும்போது சூரியன் உன் முகத்தில் படட்டும், பிள்ளைகளின் முதுகில் படட்டும். கண் கூசினால் அதுகள் உன்னைப் பார்க்காது. மூன்று வசனத்துக்குமேல் விதி சொல்லாதே. இரண்டு பேரை வைத்துச் செய்து காட்டிவிட்டுத் தொடங்கு, மிச்சத்தை ஓடும்போது திருத்தலாம். ஆட்டம் சூடாக இருக்கும்போதே நிறுத்து. "இன்னொருக்கா" என்று கெஞ்சினால் அந்த விளையாட்டு நாளைக்கும் உதவும்.

உன் முறை வந்து ஒரு விளையாட்டு நடத்தச் சொன்னால் கிளித்தட்டைக் கொண்டு போ. எல்லா எல்.ஐ.ரி.யும் 'மிஸ்டர் வுல்ஃப்' தான் செய்வார்கள். பார்க்கிங் தரையில் சோக்கட்டியால் நீளமாக ஒரு பெட்டி, நடுவே ஒரு நெடுங்கோடு, குறுக்கே கோடுகள். ஒரு அணியில் குறுக்குக் கோடுகளை ஒவ்வொருவர் மறிப்பார், அதே அணியில் கிளி என்கிறவர் நடுக்கோட்டில் ஓடுவார், மற்ற அணி அடி படாமல் கடந்து திரும்ப வேண்டும். அப்பாவின் காலத்து முழுத் தட்டையும் கீறாதே, ஏழு வயதுக்கு மூன்று குறுக்குக்கோடு போதும். முதுகில் அறைகிற பழக்கத்தையும் ஊரோடு விட்டுவிட்டு, விரலால் தொடுவது என்று வை. கிளியாக யார் நிற்பது என்று சண்டை வரும். இரண்டு நிமிசத்துக்கு ஒருவர் என்று முதலிலேயே சொல்லிவிடு. இதற்கு ஒரு சாமானும் தேவையில்லை, மழை வந்தால் ஜிம்முக்குள் ரேப் ஒட்டியும் நடத்தலாம். சூப்பர்வைசர் குறித்துக்கொள்ளுவார் பார்.

"ஓடாதே" என்றால் பிள்ளையின் காதில் விழுவது 'ஓடு' மட்டும்தான். "நடந்து வா" என்று சொல். காலையில் அம்மாவை விட மாட்டேன் என்று அழுகிற பிள்ளைக்கு "அம்மா இப்ப வந்திடுவா" என்று பொய் சொல்லாதே, அது அரை மணித்தியாலத்தில் பிடிபட்டுவிடும். சாப்பாடு, பிறகு நீச்சல், பிறகு படம் கீறுவது, அதுக்குப் பிறகு அம்மா என்று விரல்விட்டு எண்ணிக் காட்டு. ஒவ்வொன்று முடியவும் ஒரு விரலை மடக்கச் சொல்.

விளையாட்டில்லாத விசயங்கள்

எந்தப் பிள்ளையோடும் தனியாக மூடின இடத்தில் நிற்காதே. மற்றவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் எப்போதும். பிள்ளைகளின் படத்தை உன் போனில் எடுக்காதே, எவ்வளவு வடிவாக இருந்தாலும். பின்னேரம் கூட்டிப்போக வருகிறவரின் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும், அடையாள அட்டை பார்க்க வேண்டும். தினமும் கோயிலில் காண்கிற தாத்தாவாக இருந்தாலும் பட்டியலில் இல்லையென்றால் லீடரைக் கூப்பிடு. தாத்தா கோபித்தால் கோபிக்கட்டும்.

உன் குழுவில் யாருக்கு என்ன அலர்ஜி, எபிபென் யாருடைய இடுப்புப் பையில் என்று முதல் நாளே கேள். அந்த ஊசியைப் போட வேண்டி வந்தால் தொடையின் வெளிப்பக்கம், உடுப்புக்கு மேலாலேயே போடலாம், உடனே 911, பிள்ளை தேறிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். இடி கேட்டால் எல்லாரும் உள்ளே, கடைசி இடி கேட்டு 30 நிமிசம் கழிந்த பிறகுதான் வெளியே. 2023 ஜூனில் காட்டுத்தீப் புகை ரொறன்ரோவை மூடியதிலிருந்து காற்றின் தரச் சுட்டெண்ணையும் காலையில் பார்க்க வேண்டியிருக்கிறது. 7 என்றால் ஆபத்து அதிகம், ஓடுகிற விளையாட்டை அன்றைக்கு விட்டுவிடலாம்.

இன்னொன்று. ஒரு பிள்ளை உன்னிடம் வந்து "ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது" என்று தொடங்கினால் அப்படி வாக்குக் கொடுக்காதே. கேள்விமேல் கேள்வி கேட்காமல் அது சொல்லுவதைக் கேள், "நீ சொன்னது நல்லது" என்று சொல், நேரே சூப்பர்வைசரிடம் போ. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது என்று நியாயமான சந்தேகம் இருந்தால், சிறுவர் உதவிச் சங்கத்துக்குத் தானே அறிவிக்க வேண்டியது ஒன்ராறியோவில் ஒவ்வொருவரின் சட்டக் கடமை. 'நான் லீடரிடம் சொல்லிவிட்டேன்' என்று விட முடியாது. சூப்பர்வைசரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருவருமாகப் போன் செய்யலாம். வீட்டு விசயம், எங்கட ஆக்கள், வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்ற யோசனை எல்லாம் உன் தலையில் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை லீடரிடம் "நான் எப்படி?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும். "வாறகிழமை நான் எதை மாத்தோணும்?" என்று கேள். சொன்னதைக் கொப்பியில் எழுது, நடத்தின விளையாட்டுகளையும் எழுது. அடுத்த குளிரில் சம்பள வேலைக்கு விண்ணப்பிக்கும்போது 'காம்பில் உதவினேன்' என்று எழுதாமல், எத்தனை வயதுப் பிள்ளைகள், எத்தனை பேர், தினமும் என்ன நடத்தினாய் என்று எழுத அந்தக் கொப்பி வேண்டும்.

இனி அம்மாவுக்கு. பிள்ளைக்காக நீங்கள் சூப்பர்வைசருக்குப் போன் எடுக்காதேங்கோ, வருத்தம் என்று லீவு சொல்லுவதையும் அதுவே சொல்லட்டும். பெரியம்மா ஊரிலிருந்து வாறா, எயார்போட் போகவேணும் என்று நடுக்கிழமையில் மறிக்காதேங்கோ. அங்கே ஒரு குழு அந்தப் பிள்ளையை நம்பி இருக்கிறது. பஸ்ஸில் போய் வரப் பழக விடுங்கோ. கச்சான், கச்சான் அல்வா ஒன்றும் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வேண்டாம். புட்டு கட்டினால் கரண்டி வைக்க மறக்காதேங்கோ. பிள்ளைக்குச் சாப்பிடக் கிடைப்பது பத்து நிமிசம், அதிலும் பாதி நேரம் மற்றப் பிள்ளைகளின் ஜூஸ் பெட்டி திறந்து கொடுப்பதில் போய்விடும்.