கருப்பட்டிக்குப் பனையோலைப் பெட்டி

பனை நிறைந்த தென் மாவட்டக் கிராமங்களில் கருப்பட்டி காய்ச்சும் குடும்பத்தார், தம் சரக்கை அடைத்து அனுப்புவதற்கு நெடுங்காலமாகப் பனையோலைப் பெட்டிகளையே உபயோகித்து வந்தனர். மெல்லிய பாலித்தீன் பைகள் மலிவாய்க் கிடைக்கத் தொடங்கிய பின்னர் இவ்வழக்கம் பெரும்பாலும் கைவிடப்பட்டது. அப்பைகளால் விளைந்த கேட்டைக் குடியானவர்கள் நேரிற் கண்டிருப்பர். அவை மண்ணில் மக்குவதில்லை, வாய்க்காலை அடைக்கின்றன, மேய்ச்சலுக்குப் போகும் மாடுகள் அவற்றைத் தின்று, வயிறு அடைத்து மடிகின்றன. ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தமிழ்நாடு அரசாங்கம் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2022 ஜூலை 1 முதல் இந்தியா முழுவதற்கும் இத்தகைய தடையொன்று அமலுக்கு வந்தது. ஆதலின் ஓலைப் பெட்டியைக் குறித்து ஆராய்வது இப்போது மிகவும் அவசியமாகும்.

ஆனால், இயற்கைப் பொருள் என்ற ஒரே காரணத்தால் ஓலை நல்ல பெட்டியாகிவிடாது. ஓலையும் ஒரு விளைபொருளே. நெல்லை அறுத்து உலர்த்திக் காப்பதுபோல் ஓலையையும் பருவமறிந்து அறுத்து, உலர்த்திக் காத்தல் வேண்டும். இதில் அசட்டையாயிருந்தால் பெட்டி, சரக்கு, மரம் ஆகிய மூன்றும் கெடும்.

ஓலை எடுக்க ஏற்ற மரம்

பனையின் பாளை ஒவ்வொன்றும் ஒரு மட்டையின் கக்கத்திலிருந்தே வெளிவருகிறது. பதநீரில் உள்ள சர்க்கரையும் பச்சை ஓலைகள் சமைத்துக் கொடுப்பதேயாம். ஆகையால், பாளை சீவும் மரத்தில் ஓலையை மிகுதியாகக் கழித்தால், பெட்டியில் வரும் காசு பதநீரில் போய்விடும். மேலும், பனைக்கு உச்சியில் உள்ள வளர்முனை ஒன்றுதான். அது வெட்டுப்பட்டால் மரம் பட்டுப்போகும். விதைத்த பனை பாளைவிட 12 ஆண்டுகளுக்கு மேலாகும் என்பதை நினைக்குங்கால், ஒரு கை ஓலைக்காக ஒரு மரத்தை இழப்பது எத்தகைய நஷ்டம் என்பது விளங்கும்.

எனவே பின்வரும் விதிகளைக் கைக்கொள்ளுதல் நலம்:

1. பதநீர் இறக்கும் மரங்களை விலக்கி, சீவாமல் நிற்கும் முதிர்ந்த மரங்களிலேயே குருத்தோலை எடுக்க வேண்டும். மரமேறுவோர் குறைந்துவிட்டபடியால் இத்தகைய மரங்கள் பல ஊர்களில் வீணே நிற்கின்றன.

2. ஒரு மரத்தில் ஒரு தடவைக்கு ஒரு குருத்துக்கு மேல் எடுக்கலாகாது. அடுத்து எழும் குருத்து முற்றும் விரிந்து ஓலையாகும் வரையில் அம்மரத்தை விட்டுவிட வேண்டும்.

3. கைக்கு எட்டுகிறது என்பதற்காக இளவடலிகளின் குருத்தை அறுத்தல் கூடாது. அவற்றின் வளர்ச்சி தடைப்படும்.

4. பெரிய கடகங்களுக்கும் மூட்டைகளின் வெளிக்கட்டுக்கும் குருத்து வேண்டுவதில்லை. முதிர்ந்த சாரோலையே போதும்.

உலர்த்தலும் முடைதலும்

அறுத்த குருத்தை அன்றே பிரித்து, ஈர்க்கு நீக்கி, நல்ல வெயிலில் பரப்ப வேண்டும். ஈரத்தோடு கட்டி வைத்த ஓலையில் கரும்புள்ளி விழும். பிறகு அது எதற்கும் உதவாது. இரவில் பனி படாமல் உள்ளே எடுத்து வைப்பது முக்கியம். நன்கு காய்ந்த ஓலையைக் கட்டுகளாக்கித் தரையில் படாதபடி பரணில் வைக்கலாம். முடையும்போது ஓலை மடங்குவதற்காக நீர் தெளிப்பது வழக்கமாதலால், முடைந்த பெட்டியிலும் ஈரம் இருக்கும். அதை மறுபடியும் காயவைக்காமல் சரக்கை நிரப்புவதே பூஞ்சணம் பிடிப்பதற்குப் பெருங்காரணமாகும். பெட்டி காய்ந்ததா என்பதை அறிய எளிய வழியொன்றுண்டு. சில பெட்டிகளைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொண்டு, மறுநாளும் வெயிலில் வைத்து மாலையில் நிறுத்துப் பார்க்கவும். எடை குறையாதிருப்பின் ஈரம் நீங்கிற்று என்று கொள்ளலாம். இந்த எடையையே வெறும் பெட்டியின் எடையாகக் குறித்து வைத்தால், சரக்கின் நிகர எடையைச் சொல்வதில் வாங்குவோருக்குச் சந்தேகம் எழாது.

கருப்பட்டியை அடைத்தல்

சிரட்டையிலிருந்து எடுத்த கருப்பட்டியைச் சூடு முற்றும் ஆறிய பின்னரே அடைக்க வேண்டும். சூட்டோடு மூடிவைத்தால் உள்ளே வேர்த்து, மேற்பரப்பு கசியும். பாலித்தீன் பையில் அந்நீர் வெளியேற வழியில்லை. ஓலைப் பெட்டியிலோ காற்றோட்டம் உண்டு. ஆகையால் கோடைக் காலத்தில் கருப்பட்டிக்கு அது மிகவும் உகந்தது.

ஆயின் இக்குணமே மழைக்காலத்தில் குறையாக மாறுகிறது. கருப்பட்டி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஓலைப் பெட்டி ஒன்றை மட்டும் நம்பினால் சரக்கு இளகிவிடும். அடுப்பின் மேலுள்ள பரணில் கருப்பட்டியை வைக்கும் பழைய வழக்கத்தின் காரணம் இதுவே. புகையும் வெப்பமும் ஈரத்தை அண்டவிடுவதில்லை. அவ்வசதியில்லாதோர் இறுக மூடிய தகரப் பாத்திரத்திலோ மெருகிட்ட ஜாடியிலோ இருப்பை வைத்திருந்து, விற்கும் சமயத்தில் மட்டும் ஓலைப் பெட்டிக்கு மாற்றுதல் வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கு

ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் நிற்கும் பனைகளில் ஓலை எடுக்க அனுமதி தரும்போது, மேற்கூறிய விதிகளையும் நிபந்தனையாகச் சேர்ப்பது உசிதம். பனை மரத்தை வெட்ட நேருமிடத்து மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெறவேண்டும் என்று 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசாங்கம் தன் வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. வெட்டுவதைத் தடுத்தால் மட்டும் போதாது. குருத்தை வரைமுறையின்றிக் கழித்தாலும் மரம் நாளடைவில் நலிந்துபோகும்.

பெட்டி முடைவோர் பெரும்பாலும் பெண்மக்களே. ஓலைக்கும் கூலிக்கும் ஆகும் செலவைத் தனியே கணக்கிட்டுச் சரக்கின் விலையில் சேர்க்காவிடில், நஷ்டம் அவர்கள் தலையில்தான் விழும். நிலமுடையோர் வரும் கோடைக்கு முன்னரே தம் மரங்களை எண்ணி, பதநீருக்கு இவை, ஓலைக்கு இவை என்று பிரித்துக் குறிவைப்பாராயின், இரண்டு வருமானமும் ஒன்றையொன்று கெடுக்காமல் கைகூடும்.