அரிய நோய்களும் மருந்துச் சட்டமும்

ஒரு நோய் ஆயிரத்தில் ஒருவரைப் பற்றுமாயின் அதற்கு மருந்து காண முதலிடுவோர் பலருளர். இலட்சத்தில் ஒருவரைப் பற்றுமாயின் முன்வருவோர் அரியர். விற்பனையால் வரும் வருவாய் ஆராய்ச்சிச் செலவை ஈடுசெய்யாமையே இதற்குக் காரணம். அவ்வாறு கைவிடப்பட்டவற்றை மேனாட்டார் அநாதை மருந்துகள் என்றனர். நோயாளரையே அப்படி அழைத்திருக்கலாம் என்பது நம் எண்ணம்.

இக்குறை பெருகியதற்கு ஒரு நற்செயலே ஏதுவாயிற்று. தலிடோமைட் என்னும் மருந்தினால் ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் அங்கக்குறையுடன் பிறந்தமை கண்டு, ஐக்கிய அமெரிக்கா 1962இல் ஒரு சட்டம் இயற்றியது. மருந்து தீங்கற்றது என்பதோடு பயனுடையது என்பதையும் விற்பனைக்கு முன்னர் நிறுவுதல் அதனால் கட்டாயமாயிற்று. சோதனைச் செலவு ஏறவே, சிலருக்கே பயன்படும் மருந்துகளைக் கம்பனிகள் ஒதுக்கின. இதற்குப் பரிகாரமாக 1983இல் அநாதை மருந்துச் சட்டம் வந்தது. தொலைக்காட்சி நாடகமொன்றில் வைத்தியராகத் தோன்றிய ஜாக் கிளக்மன் என்னும் நடிகரும் இதன்பொருட்டுக் காங்கிரஸ் குழுவின் முன் சாட்சியம் அளித்தார் என்பது சுவையான செய்தி.

அந்நாட்டில் 200,000 பேருக்குக் குறைந்தோரைப் பற்றும் நோய் அரியதெனக் கொள்ளப்படும். அதற்கு மருந்து கொணர்வோர்க்கு 7 ஆண்டு தனி விற்பனை உரிமை உண்டு. காப்புரிமை முடிந்திருப்பினும் அக்காலத்தில் அதே மருந்தை அதே நோய்க்கென இன்னொருவர் விற்க அனுமதி பெறார். சோதனைச் செலவிற் பாதி வரிச்சலுகையாகக் கிடைத்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் காற்பங்காகக் குறைத்தது. யப்பான் 50,000 பேர் என்னும் எல்லையை 1993இலும், ஐரோப்பிய ஒன்றியம் 10,000 பேருக்கு 5 பேர் என்னும் அளவையும் 10 ஆண்டு உரிமையையும் 2000இலும் ஏற்றன. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு விதிகள் 5 இலட்சம் என வகுத்தன. 1983க்கு முந்திய பத்தாண்டில் அமெரிக்காவில் இவ்வகை மருந்துகள் பத்தும் வரவில்லை. பின்னர் வந்தவை 600க்கு மேற்பட்டவை.

இவ்வெண்கள் யாவும் ஒரு நாட்டின் எல்லைக்குள் எண்ணப்படுவன என்பதை நம் மாணவர் கருத்திற் கொள்ளல் வேண்டும். தலசீமியாவை எடுத்துக்கொள்வோம். இப்பரம்பரை நோயுடைய குழந்தைக்கு இரத்தம் மீண்டும் மீண்டும் ஏற்றப்படும். அதனோடு புகும் இரும்பு இருதயத்திலும் ஈரலிலும் படியும். அதனை நீக்கப் பல ஆண்டுகளாக இருந்த வழி, வாரத்திற் பெரும்பாலான இரவுகளில் தோலின்கீழ் ஊசி குத்தி, சிறு பம்பி மூலம் பல மணி நேரம் மருந்து செலுத்துவதே. சிறுபிள்ளை அதனை எவ்வாறு பொறுக்கும்! பேராசிரியர் ஹைடர் குழுவினர் கண்ட டெபெரிப்ரோன் வாயால் உட்கொள்ளத்தக்கது. அது முதலில் விற்பனைக்கு வந்தது 1990களின் நடுவில் இந்தியாவில். ஐரோப்பா 1999இலும் அமெரிக்கா 2011இலும் அனுமதித்தன. அமெரிக்காவில் இந்நோய் அரியது. குருநாகல் வைத்தியசாலைத் தலசீமியா நிலையத்தில் நாள்தோறும் பிள்ளைகள் இரத்தம் ஏற்றக் காத்திருக்கும் நம் நாட்டில் அதனை அரியதென யார் சொல்வார்?

இனி, குறிஞ்சாக்கேணியில் ஒரு குழந்தைக்கு மெய்யாகவே அரிய நோயொன்று, கோஷே நோய் போன்றது, உண்டெனக் கொள்வோம். இரண்டு கோடிப் பேர் வாழும் தீவில் தனி விற்பனை உரிமை எவரையும் கவராது. சில புட்டிகளே விலைபோகும் மருந்தைப் பதிவுசெய்யக் கம்பனி வருவதும் அரிது. இங்கே திறந்திருக்கும் வழி வேறு. 2015ஆம் ஆண்டு 5ஆம் இலக்கத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம், உயிர் காத்தல் முதலிய சிறப்புக் காரணங்களுக்காகப் பதிவில்லாத மருந்தைத் தருவிக்க அனுமதி வழங்க இடமளிக்கின்றது. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் தோன்றிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனமும் இலவச வைத்தியசாலைகளும் அவ்வழிக்குத் துணை.

ஆயின் இவ்வழிக்குக் காவலும் வேண்டும். 2023இல் அரச வைத்தியசாலைகளுக்கு அவசரக் கொள்வனவில் வந்த இம்யூனோகுளோபுலின் தரமற்றதெனக் கண்டு மீட்கப்பட்டு, வழக்குகளும் எழுந்தன. அதற்காகச் சிறப்பு அனுமதியையே அடைத்துவிடின் முதலில் வருந்துவது அரிய நோயுடைய பிள்ளையே. ஒவ்வொரு தொகுதியும் வைத்தியசாலையை அடையுமுன் ஆய்வுகூடச் சான்று பெறுதலும், அனுமதி பெற்ற மருந்துகளின் பட்டியல் காரணத்தோடு பொதுமக்கள் காண வெளியிடப்படுதலும் நாம் வேண்டுவன. இரண்டிற்கும் புதிய சட்டம் தேவையென நாம் கருதவில்லை.