வசந்தத்தின் முதல் கனி யாருக்கு?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



டொரொன்டோவில் பனி உருகிவிட்டது. மாதக்கணக்கில் மொட்டையாக நின்ற மேப்பிள் மரங்கள் துளிர்க்கின்றன. இறந்த பூமியை அல்லாஹ் எப்படி உயிர்ப்பிக்கிறான் என்று அவனுடைய ரஹ்மத்தின் அடையாளங்களைப் பார்க்கும்படி சூரத்துர் ரூமின் 50ஆவது வசனம் நம்மை அழைக்கிறது. ஊரில் மழையை வைத்து இதை விளங்கினோம். இங்கே ஒவ்வொரு மரத்திலும் கண்ணால் காண்கிறோம்.

ஆனால் இந்த நாட்டில் முதல் குளிர்காலத்தைக் கடந்து வந்த குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். கணவர் இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்புகிறார். இரண்டு வயதுப் பிள்ளையோடு தாய் நாள் முழுக்க நான்கு சுவருக்குள் தனியாக இருக்கிறார். உதவிக்கு உம்மம்மா இல்லை, பக்கத்து வீட்டு மாமி இல்லை. வெளியே வசந்தம் வந்தும் வீட்டுக்குள் குளிர் போகவில்லை என்றால், அதைக் குடிப்பது அந்தப் பிஞ்சு உள்ளம்தான்.

ஊர் நினைவு குற்றமல்ல

முஹாஜிர்கள் மதீனா வந்தபோது அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) இருவரும் காய்ச்சலில் விழுந்தார்கள். பிலால் (ரலி) மக்காவின் புல்லையும் நீரூற்றையும் மலைகளையும் நினைத்து ஏங்கிக் கவிதை பாடினார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் இதைச் சொன்னபோது நபி (ஸல்) அவர்கள் யாரையும் கண்டிக்கவில்லை. மக்காவைப் போல, அல்லது அதைவிட அதிகமாக மதீனாவை எங்களுக்குப் பிரியமாக்கு என்று துஆ செய்தார்கள். (புகாரி)

கவனியுங்கள்: புதிய ஊரின் மீதான பிரியம் தானாக வந்துவிடவில்லை. அதை அல்லாஹ்விடம் கேட்டார்கள்.

முதல் கனி

மதீனாவில் பருவத்தின் முதல் கனியை மக்கள் நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவருவார்கள். அதை வாங்கி, எங்கள் கனிகளிலும் எங்கள் ஊரிலும் எங்கள் அளவைகளிலும் பரக்கத் செய் என்று துஆ கேட்பார்கள். பிறகு அங்கிருப்பவர்களில் மிகச் சிறிய பிள்ளையை அழைத்து அந்தக் கனியைக் கொடுத்துவிடுவார்கள். (முஸ்லிம்)

சுப்ஹானல்லாஹ்! அபூபக்ரும் உமரும் இருக்கும் ஊரில் முதல் கனி ஒரு சின்னஞ்சிறு பிள்ளைக்கு! ஊருக்காகத் துஆ, பிள்ளைக்குக் கனி. இரண்டும் ஒரே சபையில் நடந்தன. நாமோ "இது நம்ம ஊரா?" என்ற சலிப்பில் இரண்டையும் விட்டுவிடுகிறோம். உங்களுக்கு இது வந்த ஊர். உங்கள் பிள்ளைக்கோ நினைவு தெரிந்த முதல் ஊரே இதுதான்.

அபிசீனியாவிலிருந்து வந்த சிறுமி

உம்மு காலித் (ரலி) அபிசீனியாவில் பிறந்து, சிறுமியாக மதீனா வந்தவர். அவருடைய சட்டையைப் பார்த்த நபி (ஸல்) அவர்கள் "ஸனா" என்றார்கள். அபிசீனிய மொழியில் 'அழகு' என்று பொருள். அந்தப் பிள்ளை அவர்களின் முதுகிலிருந்த நபித்துவ முத்திரையைத் தொட்டு விளையாடியது. தந்தை அதட்டினார். அவளை விட்டுவிடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லிவிட்டார்கள். (புகாரி)

பிள்ளை பிறந்த மண்ணின் ஒரு சொல்லால் அதன் மனதைத் தொட்டார்கள். நம் பிள்ளை தமிழோடு ஆங்கிலத்தையும் கலந்து மழலை பேசும்போது நாம் முகம் சுளிக்கலாமா? வீட்டில் தமிழை விடாமல் பேசுங்கள். ஆனால் பிள்ளை கொண்டுவரும் சொல்லுக்கும் சிரித்த முகம் காட்டுங்கள்.

இந்த வசந்தத்தில் செய்ய வேண்டியவை

முதலாவது, தொழுகை. டிசம்பரில் மாலை 5 மணிக்கு முன்பே மஃரிப் வந்தது. வீட்டில் தொழுவதைப் பிள்ளை பார்த்தது. ஏப்ரல் கடைசியில் மஃரிப் 8 மணிக்கு மேல் போய்விடுகிறது. அதற்குள் பிள்ளை தூங்கிவிடும். எனவே விடுமுறை நாட்களில் அஸரையாவது பிள்ளையின் கண் முன்னே குடும்பமாகத் தொழுங்கள்.

இரண்டாவது, தகப்பன்மார்களே! வாரத்தில் சில மாலைகளாவது பிள்ளையைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள். சேற்றில் மிதிக்கட்டும், ராபின் பறவையைத் துரத்தட்டும். படைத்தவன் அல்லாஹ் என்று சொல்லிக்கொடுங்கள். அந்த ஒரு மணி நேரம் தாய்க்கு ஓய்வு. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருந்தால் குடும்பத்தாரின் வேலையில் ஈடுபடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். (புகாரி)

மூன்றாவது, பள்ளிவாசல். நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்தபடியே தொழுவித்தார்கள். ஸுஜூதில் இறக்கிவைத்து, எழும்போது தூக்கிக்கொண்டார்கள். குழந்தையின் அழுகை கேட்டால் தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கினார்கள். (புகாரி, முஸ்லிம்) நாம் அந்தத் தாயைத் திரும்பிப் பார்த்து முறைத்தால், தனிமையில் வாடியவருக்கு இருந்த ஒரே வாசலையும் அடைத்தவர்களாவோம்.

நான்காவது, இங்கே பல வருடங்களாக இருப்பவர்களே! புதிதாக வந்த ஒரு குடும்பத்தை இந்த மாதம் சாப்பாட்டுக்கு அழையுங்கள்.

ஜூன் மாதம் ஒன்ராறியோவில் ஸ்ட்ராபெர்ரி பழுக்கும். முதல் பழத்தைக் கையில் எடுத்து, இந்த ஊருக்கு பரக்கத் கேளுங்கள். பிறகு உங்கள் வீட்டின் மிகச் சிறிய பிள்ளைக்கு ஊட்டிவிடுங்கள்.

யா அல்லாஹ்! நாங்கள் வாழும் இந்த ஊரை ஈமானோடும் நிம்மதியோடும் வாழும் இடமாக ஆக்குவாயாக! தனிமையில் வாடும் தாய்மார்களுக்கு ஆறுதல் தருவாயாக! எங்கள் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக! ஆமீன்.